நாலாம் பக்கம்

போன வாரம் சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு உறைகளை வைத்துவிட்டுப் போனோம். அவை இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே பழுப்பு நிறம். ஒன்று அண்ணிக்கு வந்தது, மற்றது நாத்தனாருக்கு வந்தது.

மறந்துபோனவர்களுக்காக ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்தின் திட்டப் பிரிவு இயக்குநர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் வளர்த்துக்கொள்ளலாமே என்று ஆட்சிக்குழுவில் யாரோ தூக்கக் கலக்கத்தில் சொல்லிவைக்க, 'நாளைய திட்டத் தலைவர்கள்' என்று ஒரு வருடப் பயிற்சி பிறந்தது. பெயரில்தான் பன்மை. இடம் ஒன்றே ஒன்று. விண்ணப்பம் ஏழு.

ஏழில் ஒருத்தி, திட்டப் பிரிவின் துணை அலுவலர். எந்தத் துறைக்கு எத்தனை மாணவர் வருவார்கள், எத்தனை நாற்காலி, எத்தனை கட்டில் வேண்டும் என்று பதினாலு வருடமாக முன்கூட்டியே சொல்லிவருகிறவள். அலுவலகத்திலும் வீட்டிலும் அவளுக்குத் 'திட்டக்காரி' என்றே பெயர். ஒரு வருடம் அவளுடைய உத்தேசத்தைவிட ஒன்பது மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். தேடிப் பார்த்தால், ஒன்பது பேரும் பக்கத்துக் கட்டடத்தில் தவறான வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டிவந்து சேர்த்ததும் உத்தேசம் சரியாகிவிட்டது.

இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். சேர்க்கைப் பிரிவில் வேலை. வீட்டில் 'சின்னவள்'. மாடி அறை அவளுடையது.

நடுவில் ஒரு மனிதர். ஒருத்திக்குக் கணவர், மற்றவளுக்கு அண்ணன். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில், வீட்டின் முன்னறை அவர் பட்டறை. அந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் தயவில். மீதிப் பேர் சிரிப்பதே இல்லை.

உறைக்குள் இருந்தது மதிப்பீட்டு அறிக்கை. ஒவ்வொரு விண்ணப்பதாரரைப் பற்றியும் நாலு பேர் எழுதவேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம். மேலதிகாரி, உடன் வேலை செய்பவர், கீழே வேலை செய்பவர், கடைசியாக வீட்டிலிருந்து ஒருவர். பாரபட்சம் வரக்கூடாது என்று பெயர், பிரிவு எல்லாவற்றையும் நீக்கி, தட்டச்சு செய்து, மேலே ஓர் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தின் தலைப்பில் 'வீட்டிலிருந்து' என்று அச்சிட்டுவிட்டு எழுதியவர் யாரென்று தெரியாது என்று எப்படி நம்பினார்கள் என்பது அந்தக் குழுவுக்கே வெளிச்சம்.

இரண்டு பெண்களும் 'வீட்டிலிருந்து' என்ற கட்டத்தில் ஒரே மனிதரின் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு ஏழு பேரும் தேர்வுக் குழுவின் முன் நின்று தங்கள் அறிக்கைக்குப் பதில் சொல்லவேண்டும்.

காலை ஏழே கால். ஓர் உறை அதற்குள் மாடிக்குப் போயிருந்தது. மற்றதைத் திட்டக்காரி கிழித்தாள்.

முதல் மூன்று பக்கங்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் ரகம். கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். குழுவாகச் செயல்படுவதில் முன்னேற்றம் தேவை. உலகத்தில் யாருக்குத்தான் தேவையில்லை?

நாலாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'பிறர் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவார். கேட்டால், சும்மா தண்ணீர் காட்டினேன் என்பார். வேலையிலும் அப்படியே. இவருக்கு ஒரு வேலையைச் செய்து கொடுத்தவர், இரண்டாவது முறை எதையும் செய்து கொடுப்பதில்லை.'

அந்த நேரத்தில் அவளுடைய இடது கை, கணவர் கழுவி வைத்திருந்த டம்ளரைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள்.

"என்னங்க."

முன்னறையிலிருந்து அரம் உரசும் சத்தம்தான் வந்தது.

"உங்களத்தான். பல்லு வாயில இருக்கா, கையில இருக்கா?"

"கையில."

"அப்ப வாய் சும்மாத்தானே இருக்கு? இங்க வாங்க."

உள்ளங்கையில் ஒரு மேல்வரிசைப் பல் செட்டோடு வந்து நின்றார். அவள் அந்த வரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவர் முகம் அச்சு வார்க்கும் மாவைப்போல வெளுத்தது.

"இது உன் கையில எப்படி வந்துச்சு?"

"உறையில வந்துச்சு. எழுதினது யாரு?"

"அதெல்லாம் ரகசியம்னு படிவத்திலயே போட்டிருந்துச்சு."

"அப்ப நீங்கதான்."

"ரகசியம்னுதான் சொன்னேன். நான்னு சொல்லல."

"நீங்க இல்லன்னா, நான் இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஒரு ஆளுக்குப் பல்லு கட்டிக் குடுத்தா, அது யாரு பல்லுன்னு நான் வெளிய சொல்றது இல்ல. தொழில் அப்படி."

"நான் உங்க பொண்டாட்டியா, வாடிக்கையா?"

"வாடிக்கைக்காரங்க இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க. வாய்க்குள்ள அச்சு இருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்று அவர் கையிலிருந்த பல் செட் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"உங்க தங்கச்சியப் பத்தி என்ன எழுதினீங்க? பத்தரை மாத்துத் தங்கம்னா?"

அவர் பல் செட்டைப் பார்த்தார், அது ஏதாவது சொல்லுமோ என்பதுபோல.

"பதினாலு வருஷம் அந்த மூணாவது மாடி ஏறி இறங்கியிருக்கேன்," என்றாள் திட்டக்காரி. "இன்னிக்கு இந்த இடம் கைநழுவிப் போச்சுன்னா, வேற யாராலயும் இல்ல. உங்களாலதான். ஞாபகம் வச்சுக்குங்க."

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவள் இறங்கி வந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஆனால் குரலில் அப்படியொரு கனிவு.

"அண்ணி, கிளம்பிட்டீங்களா? என் வண்டியிலயே வந்துடுங்க. பஸ்ஸுல போய் இடிபட வேண்டாம்."

ஆறு வருடத்தில் அவள் தன் ஸ்கூட்டரில் அண்ணியை ஏற்றிக்கொண்டது இரண்டு முறை. இரண்டு முறையும் மழை. இன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. திட்டக்காரி மனதுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டாள்.

"உன் அறிக்கை எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. உங்களோடது?"

"நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் சத்தமில்லாமல் பட்டறைக்குள் நழுவினார். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பொய் சொல்லும் அறையில் நிற்பது உடம்புக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

திட்டப் பிரிவு மூன்றாவது மாடியில். மின்தூக்கி இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். அந்தக் கட்டடத்தைக் கட்டியபோது திட்டப் பிரிவு என்று ஒன்று கிடையாது.

திட்டக்காரி மூச்சு வாங்க ஏறிவந்தபோது, வராந்தாவின் முனையில் துணை நூலகர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். அவரும் ஏழு பேரில் ஒருவர். இருபது வருடம் கிசுகிசுத்தே பேசிப் பழகியவர். ஒருமுறை நூலகத்தில் தீப்பிடித்தபோதுகூட, ஒவ்வொரு மேசையாகப் போய்க் காதோடு காதாகத் தகவல் சொன்னவர் என்பார்கள்.

"நான் கத்தறேனாம்," என்றார்.

"என்னது சார்? காதுல விழல."

"கத்தறேனாம். மூணாம் பக்கத்தில போட்டிருக்கு. கீழ வேலை செய்யறவங்க நடுங்கறாங்களாம். நாலாம் பக்கம் அதுக்கு மேல. வீட்டுல டிவி சத்தத்தைவிட என் சத்தம் ஜாஸ்தியாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில என் சம்சாரத்துகிட்ட கேட்டேன். 'நான் அப்படி எழுதவே இல்ல'ன்னு அழறா. நான் நம்பல. சாப்பிடாம வந்துட்டேன்."

அவள் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்குவதற்குள், கீழ்மாடியிலிருந்தே ஒரு குரல் ஏறி வந்தது. குரலுக்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து, ஆள் வந்தார். ஆண்கள் விடுதிக் காப்பாளர். இவரும் எழுவரில் ஒருவர்.

"பாத்தீங்களாம்மா! 'அதிர்ந்து பேசாதவர். இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினால் நல்லது'ன்னு என் வீட்டுக்காரி எழுதியிருக்கா! இருபத்தேழு வருஷத்துல அவ வாயால ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்ல! இனிமே உரக்கப் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டேன்!"

ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது.

திட்டக்காரி நூலகரைப் பார்த்தாள். காப்பாளரைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையில் இருக்கும் உறையை நினைத்தாள்.

திட்டப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பட்டியல் வெளியே போவதானாலும், அதில் மூன்று வரிகளைக் கண்ணை மூடித் தொட்டு, மூலத் தாளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். 'மூணு வரி சோதனை' என்பார்கள். மூன்றும் சரியாக இருந்தால் பட்டியல் சரி. மூன்றும் தவறாக இருந்தால் அன்று யாரும் நேரத்துக்கு வீடு போகமுடியாது.

ஒரு வரி, கத்தாத நூலகர். இரண்டாவது வரி, கத்துகிற காப்பாளர். மூன்றாவது வரி அவளேதான்.

அவள் கதவைத் தட்டாமல் இயக்குநரின் அறைக்குள் போனாள்.

"சார், அந்த ஏழு பேர் பட்டியலக் கொஞ்சம் காட்டுங்க."

இயக்குநர் முப்பது வருடம் திட்டமிட்ட மனிதர். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்க, இப்போதே மேசையில் பாதியைக் காலிசெய்து வைத்திருந்தார்.

"எதுக்கும்மா? ரொம்ப ரகசியம். நானே தனியா உக்காந்து செஞ்சது."

"அதனாலதான் கேக்கறேன்."

திரையில் இரண்டு பத்திகள் தெரிந்தன. இடது பக்கம் எண், வலது பக்கம் பெயர். எண்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை பள்ளிப் பிள்ளைகள்போல ஒழுங்காக வரிசையில் நின்றன.

"சார், குலுக்கிப் போட்டுத்தானே எண் குடுத்தீங்க? இது எப்படி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்துச்சு?"

"முன்னும் பின்னுமா கிடந்துச்சும்மா. பாக்க நல்லா இல்ல. அழகா இருக்கட்டும்னு வரிசைப்படுத்தினேன்."

"ரெண்டு பத்தியையுமா?"

அவர் தலைக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட அறிவிப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 'ஒரு பத்தியை மட்டும் ஒருபோதும் வரிசைப்படுத்தாதீர்கள்.' கீழே இயக்குநரின் கையெழுத்து.

எண் மட்டும் நகர்ந்திருக்கிறது. பெயர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஏழு அறிக்கையும் தவறான ஆளின் கையில். அன்று காலை அந்த ஊரில் சில வீடுகளில் கதவு படீரென்று சாத்தப்பட்டதன் காரணம் இதுதான்.

மேசை இழுப்பறையில் குலுக்கல் சீட்டுகள் இருந்தன. திட்டக்காரி ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள். தன் கைக்கு வந்த எண் நான்கு. அது உண்மையில் சின்னவளுடையது.

பாத்திரம் சின்னவளுடையது. தண்ணீர் காட்டியதும் சின்னவள்.

அவளுக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். முதலில் வந்தது மகிழ்ச்சி. கட்டிய கணவர் தன் தங்கையைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறார்! காலையில் பேசியதற்கு மாலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு முழு நிமிடம் அவள் அந்த மகிழ்ச்சியில் இருந்தாள்.

பிறகு தன்னுடைய எண்ணைத் தேடினாள். ஆறு. அது போயிருந்த இடத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சி இறங்கிப் போய்விட்டது.

அவளுடைய அறிக்கை சின்னவளிடம்.

வீங்கிய கண், கனிவான குரல், மழையில்லாத நாளில் ஸ்கூட்டர்.

"இதோ பாரும்மா," என்றார் இயக்குநர். குரல் நூலகரின் குரலைவிடத் தணிந்துவிட்டது. "வெளியூர்லேருந்து குழுத் தலைவி வந்துட்டு இருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் நீ எதுவும் பேசாத. ராத்திரியோட ராத்திரியா நான் மாத்திடறேன். முப்பது வருஷம் வேலை பாத்தாச்சு, கடைசியில இப்படி ஒரு பேரோட போகணுமா? உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா கேப்பாங்க. இடம் உனக்குத்தான்னு வச்சுக்கயேன்."

"மத்த ஆறு பேர்?"

"அவங்கவங்க குறையைத் திருத்திக்கறதுல என்ன நஷ்டம்?"

"அடுத்தவங்க குறைய சார்."

"குறைன்னு பாத்தா எல்லாருக்கும் எல்லாம்தான் இருக்கு."

இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது.

ஒன்றே முக்கால் மணி. குழு கூடும் அறைக்கு வெளியே நீளமான மர பெஞ்சு. சின்னவள் மடியில் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உறையைப் பிளேடால் நேர்க்கோடாக வெட்டித் திறந்திருந்தாள். திட்டக்காரியின் உறை நாய் கடித்ததுபோல இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது என்னோடது."

"தெரியும் அண்ணி."

"எப்பத்திலேருந்து?"

"நாலாம் பக்கத்துக்கு வந்ததும் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் காலையில வாயத் திறக்கல?"

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே. யாரோட அறிக்கையையோ படிச்சுட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவங்ககிட்ட நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது?" சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "என்னோடது உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா."

"என்ன போட்டிருக்கு?"

"பாத்திரம் கழுவற விஷயம்."

சின்னவள் சிரிக்கவில்லை. "அண்ணனா! ஒரு நாள் அவன் கழுவின தட்டுல சோப்பு நுரை இருந்துச்சு. ஒரே ஒரு நாள்."

"என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

பதில் வருவதற்குள் கதவு திறந்தது. ஏழு பேரையும் ஒன்றாக உள்ளே வரச் சொன்னார்கள்.

குழுத் தலைவி வேறொரு பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன உருவம். நாற்காலியில் கால் தரையைத் தொடவில்லை. ஆனால் அறையில் மற்ற எல்லோருடைய காலும் கொஞ்சம் தரையை விட்டு எழும்பியிருந்தது. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்க் குவளையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"யார் முதல்ல?" என்றார் தலைவி.

திட்டக்காரி எழுந்தாள். எழும்வரை அவளுக்கே தெரியாது, என்ன சொல்லப்போகிறாள் என்று. உட்கார்ந்திருந்தால் இடம் கிடைக்கும் என்பது மட்டும் தெரியும்.

"மேடம், யாரும் முதல்ல பேச முடியாது. இங்க இருக்கற ஏழு அறிக்கையும் ஆள் மாறிப் போயிருக்கு. எண்ணை மட்டும் வரிசைப்படுத்தினோம். பேரை விட்டுட்டோம்."

காப்பாளர்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்.

"வரிசைப்படுத்தினோம், விட்டுட்டோம்," என்று தலைவி அவளுடைய சொற்களையே திருப்பிச் சொன்னார். "அந்த 'ஓம்'ல எத்தனை பேரும்மா?"

அரசுக் கோப்புகளில் அந்த 'ஓம்' நூறு பேரைத் தாங்கும். நேர்முகத்தில் ஒருவரைக்கூட மறைக்காது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"திட்டப் பிரிவு மேடம்."

"பிரிவு வரிசைப்படுத்தாது. விரல்தான் வரிசைப்படுத்தும். யார் விரல்?"

தண்ணீர்க் குவளை நின்றது. இயக்குநர் எழுந்தார்.

"ஒரே ஒரு ஆள்தான் மேடம். நான். அழகா இருக்கட்டும்னு செஞ்சேன்."

தலைவி அவர் பக்கம் திரும்பினார். "இப்ப உக்காருங்க," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா, கருணை இருந்ததா என்று இயக்குநருக்குத் தெரியவில்லை. ஓய்வு பெறும் வரை தெரியப்போவதும் இல்லை.

எல்லா அறிக்கையும் மேசைக்கு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. சீட்டைப் பார்த்து உரியவருக்கு உரியது கைமாறியது. நூலகர் தன்னுடையதைப் படித்துவிட்டு, வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். அவர் பேசியது உள்ளே இருந்தவர்களுக்கே கேட்டது. காப்பாளர் தன்னுடையதைப் படித்தார். முதல்முறையாக அவரிடமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

ஆறாம் எண்ணைச் சின்னவள் மேசைமேல் வைத்தாள். தலைவி புரட்டினார். நிறுத்தினார்.

"மூணு பக்கம்தான் இருக்கு. நாலாவது எங்க?"

"எனக்கு வந்தது மூணுதான் மேடம்," என்றாள் சின்னவள்.

சொல்லும்போது அவள் தலைவியைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

நாலாம் பக்கத்துக்கு வந்ததும் தெரிஞ்சு போச்சு. பத்து நிமிடத்துக்கு முன்னால் பெஞ்சில் சொன்ன வார்த்தை. தாள்களின் மூலையில் ஸ்டேப்ளர் ஊசியைக் கழற்றி மறுபடி குத்திய தடம், இரண்டு ஜோடித் துளை. திட்டக்காரி இருந்த இடத்திலிருந்தே எண்ணிவிட்டாள்.

வாயைத் திறந்தால் போதும். நாத்தனார் அங்கேயே மாட்டிக்கொள்வாள். ஆனால் அந்தப் பக்கமும் அங்கேயே, எல்லோர் முன்னாலும், படிக்கப்படும். அதில் என்ன இருக்கிறது? காலையில் கணவர் ஏன் அப்படி வெளுத்தார்? தங்கையைப் பற்றி எழுதியது மனைவி கையில் கிடைத்துவிட்டதே என்றா? மனைவியைப் பற்றி எழுதியது எங்கே போயிருக்கும் என்றா?

அவள் வாயைத் திறக்கவில்லை.

"மூலப் படிவம் இருக்குமே?" என்றார் தலைவி.

"ரகசியத்துக்காகக் கிழிச்சாச்சு மேடம்," என்றார் இயக்குநர். "தட்டச்சு செஞ்ச கோப்பையும் அழிச்சாச்சு. அதுல மட்டும் தப்பே நடக்கல."

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்களை ஒருமுறை அழுத்திக்கொண்டார். "நேர்முகம் இனி வியாழக்கிழமைதான். நாலு பக்கமும் இருந்தாத்தான் ஒரு ஆளை எடுத்துக்க முடியும். விதி அப்படி." திட்டக்காரியைப் பார்த்தார். "உங்க வீட்டுலேருந்து எழுதினவரே மறுபடி எழுதித் தரட்டும். வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள. இல்லன்னா, ஆறு பேர்லேருந்துதான் தேர்வு."

மாலை ஐந்தரை. அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பட்டறையில் அவர் அச்சுக்குள் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் வெயில் இன்னும் இருந்தது.

நடந்ததை எல்லாம் சொன்னாள். பாத்திர விஷயத்தில் தன்மேல்தான் தப்பு என்றும் சொன்னாள். அது சுலபமாக வரவில்லை. ஆனாலும் வந்தது.

"அதனால, இப்ப ஒரு தாள எடுத்துக்குங்க. என்னைப் பத்தி என்ன எழுதினீங்களோ, அதையே திரும்ப எழுதுங்க. நல்லதோ கெட்டதோ, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். ஒட்டியே குடுங்க."

அவர் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தார்.

"எழுத முடியாது."

"ஏன்? அவ்வளவு மோசமா?"

"என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நீங்க எழுதினது உங்களுக்கே தெரியாதா?"

"நான் எழுதல." அவர் அவளைப் பார்க்காமல் அச்சைப் பார்த்துப் பேசினார். "தங்கச்சிக்கு எழுதினேன். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. உனக்கு எழுத உக்காந்தேன். 'என் மனைவி'ன்னு எழுதினேன். அதுக்கு மேல ஓடல. மூணு நாள் அந்த ரெண்டு வார்த்தையோடயே தாள் கிடந்துச்சு. அளவு எழுதறவன் நான். இத்தனை பல்லு, இத்தனை மில்லிமீட்டர். உன்னை எப்படி அளந்து எழுதறது?"

"அப்புறம்?"

"கடைசி நாள் அவ பாத்துட்டா. 'குடுண்ணா, நான் எழுதிக்கறேன், நீ கையெழுத்து மட்டும் போடு'ன்னா. போட்டுக் குடுத்தேன்."

திட்டக்காரி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிலும் அலமாரியில் யார் யாருடைய பற்களோ வரிசையாக இருந்தன.

நாலாம் பக்கத்துக்கு வந்ததும் தெரிஞ்சு போச்சு. தெரியாமல் எப்படி இருக்கும்? எழுதியவளே அவள்தானே. போட்டிக்கு நிற்கிறவளைப் பற்றி, போட்டிக்கு நிற்கிறவளே எழுதிய பக்கம்.

"எழுதும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இங்கதான் உக்காந்து எழுதினா. ரொம்ப நேரம். தோள் குலுங்கிச்சு. அழுதாளோ, சிரிச்சாளோ. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது."

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. சின்னவள் பட்டறைப் பக்கம் திரும்பாமல் நேராக மாடி ஏறினாள்.

"நான் வேணா போய்க் கேக்கவா?" என்றார் அவர்.

"நீங்க அச்சைப் பாருங்க. மாவு இறுகுது."

அவள் படி ஏறினாள். மாடி அறைக் கதவு திறந்தே இருந்தது. சின்னவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், போர்வையின் மேல், எட்டாக மடித்த ஒரு தாள். அதை மறைக்க அவள் கை நகரவில்லை.

"வாங்க அண்ணி. வருவீங்கன்னு தெரியும்."

"அது என்னோட பக்கம். உன்னோட கையெழுத்துகூட அதுல கிடையாது. குடு."

"தரேன்." சின்னவள் தாளை எடுத்தாள். "ஆனா இதப் படிச்சீங்கன்னா, நேர்முகத்துக்கு நீங்களே போக மாட்டீங்க. அதனாலதான் பிரிச்சு எடுத்தேன்."

"நான் போகக் கூடாதுன்னா?"

"போகணும்னு."

திட்டக்காரி அவள் முகத்தில் பொய்யைத் தேடினாள். காலையில் தேடியபோது உடனே கிடைத்தது. இப்போது கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவளுக்கு அதிகச் சந்தேகத்தைத் தந்தது.

கையை நீட்டினாள். தாளின் ஒரு முனை அவள் விரலுக்குள் வந்தது. மறுமுனையைச் சின்னவள் இன்னும் விடவில்லை.